பில்லின் கடைசி வரி

எங்கள் தெருமுனைப் பேரங்காடிக்காரரே, உங்களைப் புகழ்ந்து நாலு வரி எழுத வேண்டும் என்று ஒரு வாரமாக மனசு அடித்துக்கொள்கிறது. தூண்டிவிட்டவள் என் மகள். நாலாம் வகுப்பு. கூட்டல் போட்டுப் பழக வீட்டில் கிடக்கும் பழைய ரசீதுகளை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். இழுப்பறையில் உங்கள் கடையின் மாதச் சாமான் பில்கள் ஒரு வருஷத்துக்குச் சேர்ந்து கிடந்தன. சூட்டில் அச்சாகும் தாள் அல்லவா, சாமான் பெயரும் விலையும் பாதிக்கு மேல் மங்கிவிட்டன. அடியில் தடித்த எழுத்தில் இருந்த ஒரு வரி மட்டும் பன்னிரண்டு பில்லிலும் படிக்கிற மாதிரி இருந்தது. 'நீங்கள் சேமித்தது' என்ற வரி. அவள் அதை மட்டும் கூட்டிக்கொண்டு அடுக்களைக்கு ஓடி வந்தாள்.

"அம்மா, நாம இந்த வருஷம் 5,180 ரூபா சேத்து வச்சிருக்கோம்! சைக்கிள் வாங்கலாமாம்மா?"

கூட்டல் சரிதான். நானும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். அந்த நிமிஷத்தில்தான் உங்கள் திறமை எனக்கு முழுசாக விளங்கியது. இங்கே நான் சொல்லப்போகும் புகழ்ச்சியில் ஒரு சொல்லும் மிகையில்லை.

சேமிப்பு என்ற சொல்லுக்கு எங்கள் குடும்பத்தில் ஓர் இடம் உண்டு. பாட்டிக்கு அது ஒரு மண்கலயம். உலைக்கு அளந்த அரிசியில் தினமும் ஒரு பிடி எடுத்து அதில் போடுவார். மாதக் கடைசியில் அது இரண்டு நாள் சோறு. அம்மாவுக்குக் கடுகு டப்பா. மளிகைக்கென்று அப்பா கொடுத்ததில் மிச்சம் பிடித்த பத்தும் இருபதும் கடுகுக்குள் மடிந்து கிடக்கும். எனக்குக் கல்லூரியில் முதல் தவணை கட்டிய பணத்தில் கடுகு வாசனை அடித்தது. நீங்கள் அந்தச் சொல்லைக் கலயத்திலிருந்தும் டப்பாவிலிருந்தும் எடுத்து, செலவுக் கணக்கின் அடியில் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறீர்கள். போன மாதம் 6,240 ரூபாய் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். 412 ரூபாய் சேமித்தேன் என்று பில் சொன்னது. உண்மையாகவே மனம் நிறைந்திருந்தது. அம்மா முப்பது வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பெற்ற நிறைவு, எனக்கு ஒரு வரி அச்சில் கிடைத்துவிட்டது.

அந்த 412 எப்படி வந்தது என்று பிறகு உட்கார்ந்து பார்த்தேன். பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கும் நீங்கள் வாங்கிக்கொண்ட விலைக்கும் உள்ள வித்தியாசம் அது. அதிகபட்சம் என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற எல்லை. எங்கள் தெருவில் யாரும் பருப்பையும் அரிசியையும் அந்த எல்லை விலைக்கு விற்பதில்லை. எதிர்வரிசை அண்ணாச்சியும் குறைத்துத்தான் கொடுக்கிறார். ஆனால் அதற்குச் 'சேமிப்பு' என்று பேர் வைக்க அவருக்குத் தோன்றவில்லை. அந்தச் சொல்லின் மதிப்பைக் கண்டுபிடித்தவர் நீங்கள்தான்.

உங்கள் கலைக்கு நல்ல பரம்பரை இருக்கிறது. 1916-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்ற கடையைத் திறந்தார். அதுவரை அங்கேயும் நம் ஊர் மாதிரிதான். வாங்குகிறவர் மேசைக்கு இந்தப் பக்கம், சாமான் அந்தப் பக்கம். சாண்டர்ஸ் மேசையை எடுத்துவிட்டு, உள்ளே நுழைந்தவர் அலமாரிகளையெல்லாம் கடந்துதான் பணம் கட்டும் இடத்துக்கு வர முடியும் என்று வழியை அமைத்தார். அந்த அமைப்புக்கு அடுத்த வருஷம் காப்புரிமையும் பெற்றார். 1937-இல் ஓக்லஹோமா சிட்டியில் சில்வன் கோல்ட்மன் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார். கைக்கூடை கனத்ததும் ஜனங்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் என்பது அவர் கண்டது. முதலில் வண்டியைத் தொட ஆளில்லை. சம்பளத்துக்கு ஆள் வைத்துக் கடைக்குள் தள்ளிக்கொண்டு நடக்கச் சொன்னார். அதைப் பார்த்து மற்றவர்களும் தள்ளத் தொடங்கினார்கள். கூடை தூக்கிய காலத்தில் எங்கள் கணக்குப்பிள்ளை தோள்வலிதான். 'போதும், வீட்டுக்கு நட' என்று அது சொன்னால் நடப்போம். உங்கள் வண்டியில் நாலு சக்கரமும் சத்தமில்லாமல் உருளுகின்றன. அரை வண்டி நிரம்பினாலும் ஒன்றும் வாங்காத மாதிரியே இருக்கிறது.

அம்மா மதுரை அண்ணா நகர் உழவர் சந்தைக்குப் போகிறவர். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை அது, 1999 நவம்பர் 14 அன்று தொடங்கியது. உள்ளே நுழைந்ததும் அன்றைய விலைப்பலகையைப் படிப்பார். பிறகு பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு சுற்று சும்மா வருவார். யாரிடம் கத்தரிக்காய் காம்பு பச்சையாக இருக்கிறது, யார் வெண்டையை முறித்துப் பார்க்க விடுகிறார் என்று பார்த்துக்கொண்டு வருகிற சுற்று. இரண்டாவது சுற்றில்தான் பை விரியும். அந்தச் சும்மாச் சுற்றில் மிச்சப்பட்டதுதான் கடுகு டப்பாவுக்குப் போனது. உங்கள் கடையில் நானும் அதே மாதிரி முதலில் ஒரு சுற்று வந்து பார்த்தேன். சுற்று முடிவதற்குள் வண்டியில் ஏழு சாமான் இருந்தது. அம்மாவின் வழக்கத்தைக் கைவிடாமலேயே அதன் பலனை மட்டும் திருப்பிவிட்டீர்கள்.

பாலும் தயிரும் கடைசிச் சுவரை ஒட்டி. கல்லுப்பு கீழ்த்தட்டில், குனிந்து தேட வேண்டும். சாக்லேட் பில் போடும் இடத்தில், என் மகளின் கண்ணுக்கு நேரே. அவள் உயரம் எனக்கே சரியாகத் தெரியாது. பள்ளிச் சீருடை தைக்கும்போதுதான் அளப்பேன். உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

எண்ணெய் வரிசைக்கு வருகிறேன். என்னை நிறைய நேரம் நிற்கவைத்த இடம் அது. ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் 155 ரூபாய். எடை 910 கிராம் என்று போட்டிருக்கும். பக்கத்திலேயே அதே உயரம், அதே அகலத்தில் இன்னொரு பாக்கெட் 149 ரூபாய். ஆறு ரூபாய் லாபம் என்று பல மாதம் இரண்டாவதைத்தான் எடுத்தேன். அதன் முதுகில் பொடி எழுத்தில் 850 கிராம் என்று இருப்பதைக் கண்ணாடி மாற்றிய பிறகுதான் பார்த்தேன். போனில் கணக்குப் போட்டேன். முதல் பாக்கெட் கிலோ 170 ரூபாய் 33 காசு; நான் லாபம் என்று எடுத்தது 175 ரூபாய் 29 காசு. கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூடுதலாகக் கொடுத்து ஆறு ரூபாய் மிச்சம் பிடித்திருக்கிறேன்.

பொட்டலம் போடுவது நீங்கள் இல்லை, கம்பெனி. எந்த இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவது என்பது மட்டும் உங்கள் கை. முன்பெல்லாம் எண்ணெய், டீத்தூள், பிஸ்கட் போன்ற சாமான்களை இந்தந்த அளவில்தான் அடைக்க வேண்டும் என்று எடையளவுச் சட்டத்தின் விதிகளில் ஓர் அட்டவணை இருந்தது. 2021-இல் கொண்டுவந்த திருத்தம் அந்த அட்டவணையை எடுத்துவிட்டது. அதற்கு ஈடாக ஒரு நல்ல ஏற்பாட்டையும் செய்தது: கிராமுக்கு என்ன விலை, மில்லிக்கு என்ன விலை என்று பொட்டலத்தில் அச்சிட வேண்டும். ஒரு கிலோவுக்கு மேல் போனால் கிலோ விலை. நல்ல விதி. வாங்குகிறவரை நினைத்து எழுதிய விதி. ஆனால் நான் பார்த்த பாக்கெட்டில் அது 'கிராமுக்கு ரூ. 0.18' என்று எள்ளுப் போல அச்சாகியிருந்தது. பக்கத்தில் இருந்ததோ லிட்டர் கணக்கு. கிராமையும் லிட்டரையும் மனசுக்குள் ஒப்பிட்டுப் பார்த்து எண்ணெய் வாங்க வேண்டும். நீங்கள் நினைத்தால் தட்டின் விளிம்பில் ஒட்டும் விலைச்சீட்டில் இரண்டுக்கும் கிலோ விலையைப் பெரிதாகப் போடலாம். '6 ரூபாய் குறைவு' என்பதைச் சிவப்பு மஞ்சளில் அவ்வளவு அழகாகப் போடத் தெரிந்த கைக்கு இது எவ்வளவு நேரமாகும்!

உங்கள் தாராளத்தையும் சொல்ல வேண்டும். ரவை ஒரு கிலோ வாங்கினால் ஒரு கிலோ இலவசம் என்று தந்தீர்கள். நாங்கள் மூன்று பேர். வாரத்துக்கு ஒரு நாள் உப்புமா, அதற்கே வீட்டில் இரண்டு முகம் சுருங்கும். மழைக்காலம். வறுத்து வைத்திருந்தால் தாங்கியிருக்கும்; வேலை நெருக்கடியில் விட்டுவிட்டேன். ஐந்தாவது வாரம் டப்பாவைத் திறந்தால் ரவை நூல் கட்டிக்கொண்டு, வண்டு ஊர்ந்துகொண்டு இருக்கிறது. முக்கால் கிலோவுக்கு மேல் கொட்டினேன். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. சாமானைக் கொட்டினால் பேசாமல் இருப்பதுதான் அவருடைய கோபம். அந்த மாதம் பில்லின் கடைசி வரியில் இந்த ரவைக்கும் ஒரு தொகை சேமிப்பாகச் சேர்ந்திருக்கிறது. மகள் போட்ட 5,180-க்குள் அதுவும் இருக்கிறது.

பில் போடும் பெண்ணை நான் எப்போதும் மறப்பதில்லை. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத் திருத்தமே கொண்டுவந்தது. உங்கள் கடையில் அவளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கிறது. அதன் மேல் சலுகை விலைப் பிஸ்கட் அட்டைப்பெட்டி இருக்கிறது. அவள் நின்றுகொண்டே என்னிடம் சொன்னாள்: "அக்கா, 2,312 ஆயிருக்கு. இன்னும் 188 ரூபாய்க்கு எடுத்தீங்கன்னா ஒரு கிலோ சக்கரை ஒம்பது ரூபாதான்." இப்படிச் சொல்லாவிட்டால் அவளை யாரோ கேட்பார்கள் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. எனக்குப் பின்னால் நாலு பேர். திரும்ப ஓடிப்போய் 210 ரூபாய்க்கு ஒரு தரை துடைப்பான் எடுத்து வந்தேன். வீட்டில் ஏற்கனவே ஒன்று இருக்கிறது. சர்க்கரை அன்று கிலோ 46. ஆக, 37 ரூபாய் குறைவாகக் கிடைக்கும் என்று 210 ரூபாய் கொடுத்திருக்கிறேன். இதை ஒருவர் சொல்லிச் செய்யவைப்பது கஷ்டம். நீங்கள் சொல்லாமலே, எனக்கு வெட்கமும் அவசரமும் ஒன்றாக வருகிற இடமாகப் பார்த்து நிறுத்திச் செய்யவைத்தீர்கள். அப்போது என் தொலைபேசி எண்ணும் கேட்டு வாங்கப்பட்டது. எங்கள் வீட்டில் எண்ணெய் எத்தனை நாளில் தீருகிறது என்று இன்று என் கணவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

அண்ணாச்சிக்கு இதெல்லாம் வராது. அவர் தராசில் குறையே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. முள் நிற்பதற்குள் தட்டை எடுத்துவிடுகிற வேகம் அவருக்கும் உண்டு. ஆனால் போன ஐப்பசியில் நான் இரண்டு கிலோ கடலைமாவு கேட்டபோது அவர் சொன்னார்: "எதுக்கும்மா ரெண்டு கிலோ? புரட்டாசில வாங்குனது என்னாச்சு? அரைக் கிலோ கொண்டு போ, பத்தலன்னா பையன விட்டு அனுப்புதேன்." விற்கிறவன் வாயாலேயே வேண்டாம் என்று சொல்லக் கேட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பழைய மாவு முக்கால் கிலோ இருந்தது. உங்கள் கடையில் பதினொரு வரிசை, இருபது பேர் வேலை, எட்டு கேமரா. 'போதும்மா' என்று சொல்லும் ஓர் ஆளைக்கூட அங்கே நான் பார்த்ததில்லை. அப்படி ஒரு சொல் கடைக்குள் வராமல் இத்தனை பெரிய வியாபாரத்தை நடத்துவது அபாரமான கட்டுப்பாடு.

ரேஷன் கடைக்காரருக்கும் உங்களிடம் கற்க நிறைய இருக்கிறது. 2007-இல் வந்த சிறப்புத் திட்டத்தில் அங்கே ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம். போன மாதம் நான் உங்களிடம் வாங்கிய துவரம்பருப்பு 168 ரூபாய். அதே பருப்பை அட்டைக்கு வாங்குகிறவர் ஒரு கிலோவில் 138 ரூபாய் மிச்சம் பிடிக்கிறார். இது கையில் நிற்கிற காசு. அதை அங்கே யாரும் தடித்த எழுத்தில் அச்சிட்டுத் தருவதில்லை. எங்கள் வீட்டிலும் அட்டை இருக்கிறது. நாலு வருஷமாக நான் போய் நிற்கவில்லை. வரிசையில் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தை எனக்குள் வைத்தது நீங்கள் மட்டும் என்று சொன்னால் நியாயமில்லை. உங்கள் குளிர்சாதனமும் கண்ணாடிக் கதவும் அதற்குத் தண்ணீர் ஊற்றின.

அரிசியிலும் ஒரு விஷயம். 2022 ஜூலை 18 முதல், முன்னதாகவே பொட்டலம் கட்டிச் சீட்டு ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீத ஜி.எஸ்.டி. என்று வந்தது. 25-ஐத் தாண்டினால் இல்லை, எடைபோட்டுச் சில்லறையாகக் கொடுத்தாலும் இல்லை. சீக்கிரமே 26 கிலோ சிப்பம் கடைக்கு வந்துவிட்டது. மாதச் சம்பளக்காரி நான் அந்தச் சிப்பத்தை வரியில்லாமல் வாங்கினேன். எங்கள் கீழ்வீட்டில் தையல் தைக்கிற அம்மா, வாரக் கூலி வந்ததும் உங்களிடம் ஐந்து கிலோ பாக்கெட் வாங்குகிறவர். வரி அவர் அரிசியில் சேர்ந்திருந்தது. சட்டம் போட்டது நீங்கள் இல்லை. ஆனால் சில்லறை அரிசியை எடைபோட்டுக் கொடுக்கும் தொட்டியை நீங்கள் கடையில் வைத்ததே இல்லை. அந்த இடத்தில் இப்போது வெளிநாட்டு நூடுல்ஸ் இருக்கிறது. பார்வையாக இருக்கிறது.

'நீங்கள் சேமித்தது' என்ற வரியை நிஜமாகவே காசாகக் கொடுத்தவர்களும் இருந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் 1844-இல் சில உழைப்பாளிகள் சேர்ந்து ஒரு கூட்டுறவுக் கடை திறந்தார்கள். கடையின் லாபத்தை, யார் எவ்வளவு சாமான் வாங்கினார்களோ அதற்கேற்ப அவர்களுக்கே பிரித்தார்கள். சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904-இல் தொடங்கியது. வாங்குகிறவர்களே உறுப்பினர்களாக, நாட்டிலேயே முன்னோடியாக வந்த நுகர்வோர் சங்கம் அது. கலயத்தில் பிடி அரிசி போட்ட பாட்டிக்கு அந்தக் கணக்கு சொல்லாமலே புரிந்திருக்கும். அவர்களுக்கெல்லாம் பங்கு கொடுக்கப் பணம் வேண்டியிருந்தது. உங்களுக்கு ஒரு வரி அச்சு போதுமானதாக இருக்கிறது, அதுவும் ஒரு வருஷத்துக்குத் தாங்கும் அச்சு.

முதல் தேதி வருகிறேன். கையில் பட்டியல் இருக்கும், தோளில் மஞ்சப்பை இருக்கும், வண்டி எடுக்கமாட்டேன், கூடைதான். பருப்புக்கும் எண்ணெய்க்கும் இந்த முறை அட்டையை எடுத்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போகிறேன். அம்மாவும் கூட வருகிறார். ரவை அண்ணாச்சியிடம், அரைக் கிலோ.

அதற்கு முன்னால் உங்களிடம் ஓர் உதவி. மகளுக்கு என்னால் இதுவரை பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு முறை தொடங்கி இரண்டு முறையும் தொண்டை அடைத்துவிட்டது. பில்லில் இருக்கே, அப்புறம் ஏம்மா இல்லேங்கற என்கிறாள். அவளுக்குப் புரிகிற மாதிரி நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், உங்களுக்குத்தான் அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் கூட்டிக்கொண்டு வருகிறேன். பன்னிரண்டு பில்லையும் ரப்பர் பேண்டு போட்டு அவளே பத்திரமாக வைத்திருக்கிறாள். பார்த்து வைத்திருக்கும் சைக்கிள் 4,900 ரூபாய். மீதி 280-க்கு மணியும் முன்கூடையும் மாட்ட வேண்டுமாம்.